பள்ளிக்கரணையில் நிற்காமல் போன கார்

பிள்ளையார் துணை

செம்பாக்கம்,
3-2-1993, புதன்கிழமை.

மகா கனம் பொருந்திய திருக்கழுக்குன்றம் ஏகாம்பரம் அவர்களுக்கும், அம்மா பச்சையம்மா அவர்களுக்கும், செம்பாக்கம் ஹார்டுவேர் கடை அரிகிருஷ்ணன் தலை தாழ்த்தி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டில் கங்கையம்மாளும் மகள் தையல்நாயகியும் உடம்பளவில் சௌக்கியம். போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கரணை பஸ் ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றதால் தலைவலி, மயக்கம் ஏதும் வராமல் தாங்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும் நேரத்தில் வேண்டிக்கொள்கிறேன். சம்பந்தி என்று எழுதத்தான் கை போகிறது. அந்த உரிமை இன்னும் எனக்கு மிச்சம் இருக்கிறதா என்று தெரியாததால் பெயரைப் போட்டே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

தங்கள் தம்பி திங்கட்கிழமை காலையில் என் கடைக்கு வந்தார். ஒரு கிலோ ஆணி வாங்குகிற மாதிரி நின்று, மற்ற வாடிக்கையாளர்கள் போன பிறகு, தாங்கள் சொல்லி அனுப்பியதைச் சொன்னார். "பொண்ணுக்குப் பூ வைக்க வந்தவங்களை ரோட்ல நிக்க வெச்சு, கண்ணெதிர மூணு தடவை போய், மூணு தடவையும் கும்பிடு போட்டுட்டு நிக்காம போனாரே, அந்த மனுஷன் வீட்ல நமக்கு என்ன வேலைன்னு அண்ணன் கேக்கறார்." நியாயமான கேள்வி. என்னை யாராவது அப்படிச் செய்திருந்தால் நான் இன்னும் நாலு வார்த்தை கூடச் சேர்த்துக் கேட்டிருப்பேன். ஆனாலும் என் பக்கத்தையும் ஒருமுறை படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள். என் மகளுக்கு இருபத்தைந்து வயது. இதற்கு முன் வந்த ஆறு மாப்பிள்ளைகளின் போட்டோவையும் பார்த்த கையோடு திருப்பிக் கொடுத்தவள், உங்கள் மகன் வேதகிரியின் போட்டோவை மட்டும் இன்றுவரை கொடுக்கவில்லை. தரகர் இரண்டு முறை கேட்டும் காணவில்லை என்கிறாள். அது எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும், நாங்கள் தேடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருக்கிறோம். இந்தக் கல்யாணம் நின்றுபோனால் அதற்குக் காரணம் நான் என்று ஆகிவிடும், ஐயா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் மூலம் அந்தக் கார்தான். பல்லாவரத்தில் வில்பிரட் என்று ஒரு ஆங்கிலோ இந்தியர் இருந்தார். சோழவரம் ரேஸில் ஓட்டியவர். பெயின்ட் வாங்க என் கடைக்கு வருவார், கடுகு நிறத்து மஞ்சள்தான் வேண்டும் என்று அரை மணி நேரம் டப்பா டப்பாவாகத் திறந்து பார்ப்பார், நானும் வியாபாரத்தை மறந்து அவரோடு சேர்ந்து பார்ப்பேன். அந்த மஞ்சள் பூசிய பழைய ஃபியட்டில் எஞ்சினைப் பிரித்து மாற்றி, இரட்டைக் கார்புரேட்டர் வைத்திருந்தார். முன்சக்கரத்துக்கு எங்கிருந்தோ டிஸ்க் பிரேக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். ஆஸ்திரேலியா போகும்போது சாவியை என் கையில் வைத்து, "வேற யார் கிட்ட கொடுத்தாலும் இதை டாக்சி ஆக்கிடுவான் மேன். நீ கண்ணைத் திறந்துக்கிட்டே கனவு காண்ற ஆளு. நீ வெச்சுக்கோ" என்றார். எட்டு வருஷமாக அதை நான்தான் ஓட்டுகிறேன். வீட்டில் வேறு யாரும் ஓட்டுவதில்லை. குறிப்பாக என் மகளுக்கும் அந்தக் காருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சைக்கிள் மணி அடித்தாலே ஓரமாக ஒதுங்கி நிற்கிற பெண் அவள்.

போன வருஷம் பங்குனியில் ஒரு நாள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற புது ரேஸ் டிராக்குக்குப் போய் நாலு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்பி வரும்போது, பழைய டிஸ்க் சூடேறி, பிரேக் பிடிக்காமல், பூந்தமல்லி ரோட்டில் ஒரு லாரியின் பின்னால் ஒரு முழ இடைவெளியில் கார் போய் நின்றதாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே அதைச் சொன்னபோது எனக்குக் கால் இரண்டும் உதறிவிட்டது. இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், தயவுசெய்து வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டாம். எனக்குத்தான் அப்படி நேர்ந்தது, நான்தான் வந்து சொன்னேன், என் கால்தான் எனக்கு உதறியது. அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு எனக்கு ஒரே கனவு. சதுப்புநிலத்துக்கு நடுவே இருக்கிற பள்ளிக்கரணை ரோட்டில், இரண்டு பக்கமும் கோரைப்புல் அசைய, அந்த மஞ்சள் கார் தூரத்திலிருந்து சத்தமே இல்லாமல் வந்துகொண்டே இருக்கும். நான் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பேன். நிற்குமா நிற்காதா என்று தெரிவதற்குள் விழித்துக்கொள்வேன்.

உலகத்தில் எல்லோரும் வேகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் ஐயா. எவ்வளவு வேகம் போகும் என்று கேட்கிறார்கள். எவ்வளவு அழகாக நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. நான் மெல்பர்னில் இருந்த வில்பிரட்டுக்குக் கடிதம் எழுதினேன். அவர் போன சித்திரையில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தபோது இரண்டு புது டிஸ்க் கொண்டுவந்தார். பழையதைவிடப் பெரியது, கனமானது. சாப்பாட்டுத் தட்டு அகலம். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமிருந்தும் பேட் வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். உள்ளே காற்று போக வழி விட்டிருப்பார்கள், எவ்வளவு மிதித்தாலும் சூடு ஏறாது. எண்ணெய்த்தாளைப் பிரித்து ஜன்னல் ஓரம் வைத்தேன். அதன் மேல் விழுந்த வெளிச்சம் கூரையில் ஒரு வட்டமாகப் போய் உட்கார்ந்தது. காலையில் மேற்கு மூலையில் இருந்த வட்டம் மத்தியானம் மின்விசிறிக்குப் பக்கத்தில் வந்தது, நானும் பாயில் படுத்தபடி அதோடு கூடவே போய்க்கொண்டிருந்தேன். அன்று கடையைத் திறக்கவில்லை என்பது மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

இப்படிப் பார்த்துப் பார்த்தே எட்டு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் ஒரு டிஸ்க் தண்ணீர் டிரம் மூடியின் மேலும், இன்னொன்று மாவு சட்டியின் மேலும் பாரமாக கங்கையம்மாளிடம் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தன. பெண்ணுக்குப் பூ வைக்கத் தாங்கள் நாள் குறித்து அனுப்பியதும்தான் எனக்கு ரோஷம் வந்தது. பள்ளிக்கரணையில் தங்கள் தம்பி வீட்டிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் தங்களை இந்தக் காரில், இந்த பிரேக்கில், தட்டில் இருக்கிற வெற்றிலை கூட அசையாமல் அழைத்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆட்டோவில் வருகிறோம் என்று தாங்கள் சொன்னதை நான் பிடிவாதமாக மறுத்தேன். அந்தப் பிடிவாதத்துக்கு இப்போது என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

எங்கள் மெக்கானிக் சவுரிமுத்து, தங்கமான மனுஷன், போன வாரம் புதன்கிழமையே வந்து வேலையை ஆரம்பித்தான். பெரிய டிஸ்குக்குத் தகுந்தபடி பிரேக்கைப் பிடித்து நிறுத்தும் தாங்கியைக் குரோம்பேட்டை லேத்துப் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கினோம். முதல் தாங்கி வலது பக்கத்துக்கு இருந்தது. இரண்டாவதும் வலது பக்கத்துக்கே இருந்தது. மூன்றாவது சரியாக வந்து, எல்லாம் மாட்டி முடித்து, சக்கரத்தைத் தூக்கி வைத்தால் சக்கரம் உள்ளே போகவில்லை. சவுரிமுத்து கொஞ்ச நேரம் சக்கரத்தைப் பார்த்தான், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "இன்னா சார் இது, டிஸ்க்கு பெர்சா கீது, ரிம்மு சின்னதா கீது. எட்டு மாசமா வூட்ல வெச்சுகினு இருந்தியே, ஒரு தபா அளந்து பாக்கக் கூடாதா?" என்றான். அளக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. நான் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். பிறகு வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பெரிய ரிம்முக்கு அலைந்து, சனிக்கிழமை சாயங்காலம் நாலு ரிம்மும் வந்து சேர்ந்தன. அவன் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போனான். நான் கடையைப் பூட்டிவிட்டு வரப் போனேன். அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் தப்பு நடந்தது.

எங்கள் குடும்பம் ஏர் பிடித்த குடும்பம் என்பது தங்களுக்குத் தெரியும். நிலமெல்லாம் பிளாட்டாகிவிட்டாலும் ஒரு வழக்கம் மட்டும் போகவில்லை. இரும்பு எதுவாக இருந்தாலும், மண்வெட்டியோ அரிவாளோ, எண்ணெய் தடவாமல் கும்பிட மாட்டோம். மறுநாள் சம்பந்தி வீட்டார் ஏறப்போகிற காரில் பளபளவென்று புது இரும்பு இரண்டு கண்ணுக்குத் தெரிய, கங்கையம்மாள் சும்மா இருப்பாளா? நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, இரண்டு டிஸ்கிலும் முன்பக்கம் பின்பக்கம் விடாமல் துணியால் நன்றாகத் தேய்த்து, மேலே சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். எண்ணெய் படக்கூடாத இடம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது பிரேக் டிஸ்க்தான். அதைத் துடைக்கிற தின்னர் என் கடையில் நாற்பது லிட்டர் இருக்கிறது. கடை பூட்டியிருந்தது.

டீ குடித்துவிட்டு வந்த சவுரிமுத்து அதைப் பார்த்தான். பார்த்தும் துடைக்கவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்துவன், அடுத்தவர் பூசையில் கை வைக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறான். "எங்க கோயில்ல மெழுகுவத்திய நீங்க ஊதி அணைப்பீங்களா? அதான் சார், உங்க சாமி மேல நான் துணி போடல. நேரா வீல ஏத்திட்டேன்" என்று பிறகு சொன்னான். இவ்வளவு மரியாதையான மனுஷனை நான் என்ன சொல்லித் திட்டுவது? கங்கையம்மாளைக் கேட்டால், "நல்ல காரியத்துக்குப் போற வண்டி, சந்தனம் வைக்காம அனுப்பச் சொல்றீங்களா?" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை. நாலரை மணிக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்கு முன் பூ வைத்துவிட வேண்டும். தாங்கள் மூன்றே முக்காலுக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்பதாக ஏற்பாடு. நான் இரண்டரைக்கே கிளம்பினேன். என் மகள் அப்போது வீட்டில் அரக்கு நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொண்டிருந்தாள் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். சவுரிமுத்து கூட வந்தான். ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் போகாமல் மேடவாக்கம் பக்கம் திரும்பி, கௌரிவாக்கம் தாண்டி, முதல் முறையாக பிரேக்கை மிதித்தபோது கார் ஒன்றுமே சொல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஏழெட்டு எருமைகள். எருமைகள் ஒதுங்கின. அவற்றுக்குப் பின்னால் ஒரு வைக்கோல் போர். அது ஒதுங்கவில்லை. காருக்கு ஒன்றும் இல்லை, கண்ணாடியெல்லாம் வைக்கோல். முன்சக்கரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. நான் பயந்துபோய் இறங்கினால், சந்தன வாசனை. நல்லெண்ணெயும் சந்தனமும் சேர்ந்து புகைந்து, மேடவாக்கமே ஒரு கல்யாண மண்டபம் மாதிரி மணந்தது. சொல்லக் கூடாது, எனக்கு அந்த நேரத்திலும் மனசு குளிர்ந்துவிட்டது. சவுரிமுத்துதான் தோளைப் பிடித்து உலுக்கினான்.

அங்கேயே ரோட்டோரம் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்கை பெட்ரோலால் துடைத்து, பேட்டை உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டினான். அப்போதே மணி மூன்று முப்பத்தைந்து. "சார், நல்லா கேட்டுக்க. புது டிஸ்க்கு, எண்ண குட்ச்ச பேடு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பழகணும். பத்து தபா அறுபதுல போய் பிரேக்க மிதிச்சு பத்துக்கு எறக்கு. அப்பால பெரியவங்கள ஏத்து. அதுக்கு முன்னாடி ஏத்தினா அந்தப் பாவம் எனக்கு வாணாம். நான் இங்கயே எறங்கிக்கறேன், எனக்குப் புள்ளகுட்டி கீது" என்று சொல்லிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டான். வில்பிரட் டிஸ்கோடு கொடுத்த ஆங்கிலக் காகிதத்திலும் அதேதான் இருந்தது. அதில் ஒரு வரி மட்டும் கூடுதல்: பத்து முறையும் முடியும்வரை எக்காரணம் கொண்டும் வண்டியை முழுதாக நிறுத்தாதே, நிறுத்தினால் சூடான பேட் டிஸ்கில் ஒட்டித் தழும்பு விழும், பிரேக் என்றைக்கும் உதறும். எக்காரணம் கொண்டும் என்று எழுதிய அந்த வெள்ளைக்காரனுக்குப் பெண் இருந்ததா, அவளுக்குப் பூ வைக்க யாராவது வந்தார்களா என்று தெரியவில்லை.

இனி நடந்தது தாங்கள் கண்ணால் பார்த்ததுதான். இருந்தாலும் காருக்குள்ளிருந்து எப்படி இருந்தது என்று சொல்கிறேன். வில்பிரட் விட்டுப்போன ஹெல்மெட்டைப் போட்டிருந்தேன், அதனால் என் முகம் தெரிந்திருக்காது. தை மாத வெயில் தண்ணீரில் விழுந்து ரோடே மிதப்பது போல இருந்தது. இரண்டு பக்கமும் நாரைகள். அறுபது, பிறகு பத்து. அறுபது, பிறகு பத்து. ஒவ்வொரு முறையும் கார் இன்னும் கொஞ்சம் மென்மையாக அடங்கியது. மூன்றாவது முறை அடங்கிய இடம் நேராகத் தங்கள் எதிரே. தாங்கள் நாலு பேரும் நிற்கிறீர்கள். அம்மா பச்சையம்மா கையில் பூத்தட்டு, தம்பி கையில் பழத்தட்டு. கார் மெதுவாவதைப் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டே இரண்டடி முன்னால் வருகிறீர்கள். நான் இரண்டு கைகளையும் இடது ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கும்பிட்டேன். "நிக்கக் கூடாதுங்க! பேப்பர்ல போட்டிருக்கு!" என்று கத்தினேன். உடனே கார் அறுபதுக்குப் போய்விட்டது.

இரண்டாவது முறை எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்தபோது ஆறாவது மிதி. தாங்கள் ரோட்டைக் கடந்து எங்கள் பக்கம் வந்துவிட்டீர்கள். நாங்கள் மறுபடி திரும்பிப் போகும்போது தாங்களும் மறுபடி கடந்து அந்தப் பக்கம் போயிருந்தீர்கள். ஒன்பதாவது மிதி. இந்த முறை அம்மா முன்னால் வரவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் மறுபடி கும்பிட்டேன். பத்தாவது வேளச்சேரி கிட்டே முடிந்தது. முடிந்ததும் நிறுத்தலாம் என்று நினைத்தால், காகிதத்தின் பின்பக்கத்தில் இன்னும் இரண்டு வரி. பத்து முடிந்தபின் பதினைந்து நிமிஷம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடு என்று. ஆறவிட்டுக்கொண்டு நாங்கள், இல்லை, நான், பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு முப்பத்தெட்டு. ராகு காலம் எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. கார் மிக அழகாக நின்றது. அங்கே யாரும் இல்லை. தட்டிலிருந்து விழுந்த ஒரு சாமந்திப் பூ மட்டும் கிடந்தது, அதை எடுத்து வந்திருக்கிறேன்.

இப்போது நான் தங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. காரை இந்த மாதத்துக்குள் விற்றுவிடுகிறேன். டிஸ்க் இரண்டையும் கழற்றி, ஒன்றை டிரம்முக்கும் ஒன்றை மாவு சட்டிக்கும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இனி என் ஆயுசுக்கும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். தங்கள் வீட்டு வாசலுக்கு பஸ்ஸில் வந்து, நடந்தே மலை சுற்றிவிட்டு, தங்கள் காலில் விழவும் தயார். தப்பு முழுவதும் என்னுடையது. என் போட்டோவைச் சுவரில் மாட்டி மாலை போட நேரம் வந்த வயசில் ஒரு கிறுக்கனுக்குக் காரும் கனவும் எதற்கு? என் மகள் ஒரு பாவமும் அறியாதவள். அன்று சாயங்காலம் முழுக்கத் தலையில் பூ வைக்காமல், பட்டுப் புடவையை அவிழ்க்காமல், கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை மட்டும் தங்கள் வீட்டுப் பெண்ணாக ஏற்றுக்கொள்ளுங்கள். வேதகிரி தம்பிக்கு என் ஆசிகள். தங்கள் வீட்டில் குறைவில்லாமல் நெல்லும் பாலும் பெருகி, வந்த காரியம் எல்லாம் ராகு காலத்துக்கு முன்பாகவே முடிய, வேதகிரீஸ்வரர் அருள் செய்யட்டும்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
அரிகிருஷ்ணன்.

பி.கு.

மாமாவுக்கும் அத்தைக்கும் தையல்நாயகியின் வணக்கம். கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி அப்பா என்னிடம் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். இதில் எருமை, வைக்கோல் போர், சந்தனப் புகை எல்லாம் நிஜம். ஒன்று மட்டும் நிஜமில்லை.

அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவியைப் போட்டு எஞ்சினைக் கிளப்பக் கூடத் தெரியாது. எட்டு வருஷமாக ஓட்டுவது நான். ஸ்ரீபெரும்புதூருக்குப் போனது நான். லாரியின் பின்னால் ஒரு முழத்தில் நின்றதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டுக்குள் இருந்ததும், அரக்குப் புடவையோடு பிரேக்கை மிதித்ததும் நான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் படித்து எண்ணிக்கை சொல்லிக்கொண்டும் உங்களைக் கும்பிட்டுக்கொண்டும் இருந்தார். ரேஸ் ஓட்டுகிற பெண் என்று தெரிந்தால் நீங்கள் வேண்டாம் என்றுவிடுவீர்கள் என்று பயந்து, பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

லாரி விஷயத்தைச் சொன்ன அன்று, இனிமேல் ஓட்டாதே என்று அவர் சொல்லியிருக்கலாம். எந்த அப்பாவும் சொல்லியிருப்பார். இவர் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் வில்பிரட் அங்கிளுக்குக் கடிதம் எழுதினார். அதனால் காரை விற்கப் போவதில்லை, டிஸ்கையும் கழற்றப் போவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் நான் ஓட்டுவேன். இதைச் சொல்லாமல் மறைத்து உங்கள் வீட்டுக்கு வர எனக்கு விருப்பமில்லை.

அத்தை, நீங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்ததை நான் பார்த்தேன். ஒன்பதாவது மிதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியும் நிறுத்தவில்லை. பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டியில் உங்களை ஏற்றிக்கொள்ள என்னால் முடியாது. நாலு பேரில் உங்கள் மகன் மட்டும் அந்த நேரத்தில் என்னையும் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தையும் பார்க்கவில்லை, முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அதே ரோட்டில் வருகிறேன். ஹெல்மெட் போட மாட்டேன். பஸ் ஸ்டாப்பில் யாரும் இல்லையென்றால் புரிந்துகொண்டு அப்படியே வேளச்சேரி வரை போய்விடுவேன். நீங்கள் யாராவது ஒருவர் நின்றுகொண்டிருந்தாலும் போதும், நிறுத்துவேன்.